40–50 வேகத்தில் வண்டி வெட்டுகிறது, த்ராட்டில் சென்சார்தானா? மாற்றுவதற்கு முன் எப்படி உறுதி செய்வது?

அமராவதிக்கரை:

வணக்கம் நண்பர்களே. அப்பா ஓட்டிக்கொண்டிருந்த 2007 மாடல் பெட்ரோல் கார், 1.1 லிட்டர், மேனுவல் கியர், ஆக்ஸிலேட்டருக்குக் கேபிள்தான். இப்போது என் கையில் இருக்கிறது. கொஞ்ச நாளாக ஒரு தொந்தரவு. ஊருக்குள் 40–50 வேகத்தில் ஆக்ஸிலேட்டரை லேசாக ஒரே அளவில் வைத்துக்கொண்டு போனால் வண்டி படக் படக்கென்று வெட்டுகிறது, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்து உடனே விடுகிற மாதிரி. நன்றாக மிதித்தால் எதுவும் தெரிவதில்லை. திண்டுக்கல் ரோட்டில் 80-ல் போனால் புது வண்டி போல ஓடுகிறது. சிக்னலில் நின்றால் ஐட்லிங் 1,300, 1,400 என்று நிற்கிறது, சில நேரம் தானாகவே இறங்கிச் சரியாகிவிடும். செக் என்ஜின் லைட் வருகிறது, போகிறது.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள், பி0122 என்ற கோளாறு எண் வந்தது. மீட்டர் வைத்து எதையும் பார்க்கவில்லை. "சென்சார் தனியாக வராது, த்ராட்டில் பாடியை (என்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் பாகம்) செட்டாக மாற்றிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். இந்த வயசு வண்டிக்கு அவர்கள் சொன்ன தொகை ரொம்ப அதிகம். ஆனால் பானட்டைத் திறந்து பார்த்தால் த்ராட்டில் பாடியின் பக்கவாட்டில் கறுப்புச் சென்சார் இரண்டு ஸ்க்ரூவில் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது, மூன்று வயர் கப்ளர்.

என்னிடம் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் இருக்கிறது. கோளாறு எண்களைப் போனில் படிக்கிற ப்ளூடூத் ஓபிடி கருவி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன், இந்த வண்டியோடு இணையவே மாட்டேன் என்கிறது. சென்சார்தான் போய்விட்டது என்று வீட்டிலேயே உறுதியாகச் சொல்ல முடியுமா? வயரிங் கோளாறாக இருந்து, புதுச் சென்சார் போட்டும் அப்படியே இருந்தால் என்ன செய்வது என்பதுதான் கவலை.


பத்துபன்னிரண்டு:

தம்பி, த்ராட்டில் பாடிக்குப் பணம் கட்டிவிடாதே, கொஞ்சம் பொறு. நீ சொல்கிற அடையாளங்கள் த்ராட்டில் பொசிஷன் சென்சாரைத்தான் காட்டுகின்றன, ஆனால் அடையாளத்தை வைத்து பார்ட் வாங்கக் கூடாது. பி0122 என்றால் "சென்சார் செத்துவிட்டது" என்று அர்த்தம் இல்லை. சென்சாரிலிருந்து இசிஎம்முக்கு (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) போகிற சிக்னல் வோல்டேஜ், இருக்க வேண்டியதைவிடக் குறைந்துபோகிறது, அவ்வளவுதான் அந்த எண் சொல்கிறது. சென்சாருக்குள் தேய்மானம் இருந்தாலும் வரும், சிக்னல் வயர் அறுந்தாலும் வரும், அந்த வயர் எங்காவது உரசி பாடியில் எர்த் ஆனாலும் வரும், சென்சாருக்கு வர வேண்டிய 5 வோல்ட்டே வராவிட்டாலும் வரும். தெரிந்துகொள், இதற்கு நேர் எதிர் பி0123, வோல்டேஜ் அதிகமாகப் போகிறது என்பது. அது பெரும்பாலும் சென்சாரின் எர்த் விட்டுப்போனால் வரும்.

முதலில் கண்ணால் பார். சமீபத்தில் என்ஜினுக்கு வாட்டர் வாஷ் அடித்தீர்களா? ப்ரெஷரில் அடிக்கிற தண்ணீர் கப்ளருக்குள் இறங்கினால் பின்னில் பச்சைக் களிம்பு பிடிக்கும். கப்ளரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார். அப்புறம் எலி. ராத்திரி வண்டியை வெளியில் நிறுத்துகிறாய் என்றால், கப்ளரிலிருந்து வயர் பின்னலுக்குள் போகிற இடம் வரை விரலால் தடவிக்கொண்டே போ. இரண்டு பல் பட்டிருந்தாலும் கைக்குத் தெரியும்.

மீட்டருக்கு வருவோம். 20 வோல்ட் டிசி-யில் வை. கப்ளரைக் கழற்று, சாவியை ஆன் செய், என்ஜினை ஸ்டார்ட் செய்யாதே. கறுப்பு முனை பேட்டரி மைனஸில், சிவப்பு முனையால் வயர் பக்கக் கப்ளரின் மூன்று பின்னையும் ஒவ்வொன்றாகத் தொடு. ஒன்றில் 5 வோல்ட் வரும், 4.9 முதல் 5.1 வரை சரி. வயர் கலரை நம்பாதே, வண்டிக்கு வண்டி மாறும். சாவியை ஆஃப் செய்துவிட்டு ஓம்ஸில் பார்த்தால் ஒரு பின் பேட்டரி மைனஸோடு கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும், அது எர்த். மிச்சம் இருப்பது சிக்னல்.

5 வோல்ட்டே வரவில்லை என்றால் சென்சாரைத் திட்டிப் பயனில்லை. அதே 5 வோல்ட் லைன் பல வண்டிகளில் மேப் சென்சாருக்கும் (என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் சென்சார்) போகும். அங்கே ஷார்ட் ஆனால் இங்கேயும் வோல்டேஜ் படுத்துவிடும். அப்படி இருந்தால் மேப் சென்சார் கப்ளரைக் கழற்றிவிட்டு 5 வோல்ட் திரும்ப வருகிறதா என்று பார்.

வந்தால் கப்ளரைத் திரும்ப மாட்டு. சிக்னல் வயரின் பின்பக்கம், ரப்பர் சீலுக்கும் வயருக்கும் நடுவே மெல்லிய குண்டூசியை வயரை ஒட்டியே இறக்கினால் உள்ளே உலோகத்தில் படும். பக்கத்து வயரில் இன்னொரு ஊசி இருந்தால் இரண்டும் தொடாமல் பார்த்துக்கொள். வயரின் தோலைக் குத்தாதே. குத்திய ஓட்டை வழியாக ஈரம் போய் ஒரு மழைக்காலத்திலேயே உள்ளே செம்பு பச்சையாகிவிடும், அப்புறம் இல்லாத கோளாறு எல்லாம் வரும். ஊசியில் சிவப்பு முனை, சாவி ஆன், ஆக்ஸிலேட்டரை மிதிக்காத நிலையில் அரை வோல்ட் பக்கம் வர வேண்டும். முழுக்க மிதித்தால் நாலு, நாலரை. நடுவே எங்கேயும் குதிக்கவோ விழவோ கூடாது. இதைப் பார்த்துவிட்டு எண்களை இங்கே போடு.


மலைப்பாதை:

ஐட்லிங் ஏறி நிற்கிறது என்றால் எனக்கு முதலில் த்ராட்டில் பாடி அழுக்கும் ஐடில் வால்வு (ஐட்லிங்கில் காற்றை அளவாக விடும் வால்வு) கரியும்தான் தோன்றுகிறது. எங்கள் வண்டியில் இதே மாதிரி ஐட்லிங் ஆடியது, க்ளீனர் அடித்துத் துடைத்ததும் சரியாகிவிட்டது. செலவு குறைந்த வேலை, முதலில் அதைச் செய்து பாருங்கள். ஏர் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கிற ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா, வேக்குவம் ஹோஸ் ஏதாவது கழன்றிருக்கிறதா என்றும் பாருங்கள். காற்று களவாகப் போனாலும் ஐட்லிங் ஏறும்.


ஊசிமீட்டர்:

மலைப்பாதை சொல்வது ஐட்லிங்குக்கு மட்டும் என்றால் ஒப்புக்கொள்வேன். ஆனால் கரி படிந்தால் பி0122 வராது. கரி காற்றின் வழியை அடைக்கும், சென்சாரின் வோல்டேஜைக் கீழே இழுக்காது. அதுவும் லேசான மிதியில் மட்டும் வெட்டுகிறது, நன்றாக மிதித்தால் இல்லை என்பதுதான் இங்கே முக்கியமான தடயம், அதை விட்டுவிடக் கூடாது.

இந்தச் சென்சாருக்குள் இருப்பது பழைய ரேடியோவின் வால்யூம் கன்ட்ரோலில் இருக்கிற அதே சங்கதி. அரைவட்டமாக ஒரு கார்பன் பாதை, அதன் ஒரு முனையில் 5 வோல்ட், மறு முனையில் எர்த், மேலே உரசிக்கொண்டு நகர்கிற சின்ன உலோக நாக்கு. பட்டர்ஃப்ளை, அதாவது த்ராட்டில் பாடிக்குள் காற்றுக்கு வழிவிடும் தகடு, திறக்கத் திறக்க நாக்கு நகர்ந்து வோல்டேஜ் ஏறும். ஊருக்குள் ஓடுகிற வண்டியின் ஆயுளில் பெரும்பகுதி ஆக்ஸிலேட்டர் லேசாகத் திறந்த நிலையில்தான் கழிகிறது. அதனால் பாதையின் அந்த ஒரு சின்னத் துண்டு மட்டும் நாக்கு உரசி உரசித் தேய்ந்துபோகும். நாக்கு அங்கே வரும்போது தொடர்பு விடும், வோல்டேஜ் தடாலென்று விழும், கொஞ்சம் நகர்ந்தால் திரும்ப வந்துவிடும்.

அப்படி விழுந்தால் வண்டி ஏன் வெட்ட வேண்டும்? 2,000 ஆர்பிஎம்மில் ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் திடீரென்று மூடிய நிலைக்கோ அதற்கும் கீழோ இறங்கினால், டிரைவர் காலை எடுத்துவிட்டார் என்று இசிஎம் நினைக்கிறது. ஓடுகிற வண்டியில் காலை எடுத்தால் இன்ஜெக்டருக்குப் பெட்ரோலை நிறுத்துவது பல வண்டிகளில் வழக்கமான ஏற்பாடு. நிறுத்துகிறது, வண்டி பின்னால் இழுக்கிறது. அடுத்த கணம் தொடர்பு வந்ததும் டிரைவர் சட்டென்று மிதித்ததாக நினைத்துக் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றுகிறது, வண்டி முன்னால் பாய்கிறது. அந்த இழுப்பும் பாய்ச்சலும் சேர்ந்ததுதான் நீங்கள் சொல்கிற படக் படக். 80-ல் போகும்போது நாக்கு தேயாத இடத்தில் இருக்கிறது, அதனால் தெரிவதில்லை.

மீட்டர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சாதாரண டிஜிட்டல் மீட்டர் ஒரு செகண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றிக் காட்டும். சட்டென்று மிதித்தால் நடுவில் விழுந்தது அதில் தெரியவே தெரியாது, மூடிய எண்ணும் திறந்த எண்ணும் சரியாக இருக்கிறது, சென்சார் நல்லது என்று சொல்லிவிடுவோம். பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பானட் பக்கம் நின்று கேபிள் சுற்றியிருக்கிற டிரம்மைக் கையால் மிக மிக மெதுவாகத் திருப்புங்கள், முக்கியமாக முதல் கால்பகுதியை. ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் நிறுத்தி, முன்னும் பின்னும் இம்மியளவு ஆட்டிப் பாருங்கள். டிவி ரிப்பேர் கடையில் முள் வைத்த பழைய மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது, விழுந்தால் முள் துடிப்பது கண்ணுக்கே தெரியும். மினிமம், மேக்ஸிமம் எண்ணைப் பிடித்து வைக்கும் பட்டன் உள்ள மீட்டராக இருந்தால் அதை அழுத்திவிட்டுத் திருப்புங்கள். என்ஜின் சூடாக இருக்கும்போதும் ஒரு தடவை பாருங்கள், சிலது சூட்டில்தான் விடும்.

உங்கள் ப்ளூடூத் கருவியில் அநேகமாகக் கோளாறு இருக்காது. இந்தியாவில் கார்களுக்கு ஓபிடி-2 என்ற பொதுவான கோளாறு காட்டும் முறை கட்டாயமானது 2013-ல்தான், அமெரிக்காவில் 1996-லேயே வந்துவிட்டது. 2007 வண்டியில் சாக்கெட் இருந்தாலும் பெரும்பாலும் கம்பெனியின் சொந்த மொழியில்தான் பேசும், அப்படியிருந்தால் பொதுவான கருவிகளுக்குப் பிடிபடாது.


அமராவதிக்கரை:

இருவருக்கும் நன்றி அண்ணா. இன்று காலை என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சூட்டில் ஒருமுறை பார்த்தேன். குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரிதான்.

5 வோல்ட் வயரில் 4.99. எர்த் சரி. கப்ளர் பின் எல்லாம் சுத்தமாகப் பளிச்சென்று இருக்கிறது, எலி கடித்த தடயம் இல்லை. ஆக்ஸிலேட்டரை விட்ட நிலையில் சிக்னல் 0.81. டிரம்மை மெதுவாகத் திருப்பினால் 0.9, 1.0 என்று ஒழுங்காக ஏறி, 1.1-ஐத் தாண்டும் இடத்தில் பொத்தென்று 0.1-க்கு விழுகிறது. அந்த இடத்திலேயே பிடித்து நூலளவு ஆட்டினால் 0.1, 1.2, 0.1 என்று மாறி மாறி வருகிறது. அதைத் தாண்டிவிட்டால் கடைசி வரை வழுவழுவென்று ஏறி 4.3-ல் நிற்கிறது. வேகமாகத் திருப்பியபோது ஊசிமீட்டர் அண்ணா சொன்னதுபோலவே ஒன்றுமே தெரியவில்லை.

இதில் 0.81 கொஞ்சம் அதிகமோ? இன்னொன்று, டிரம் வந்து முட்டி நிற்கிற இடத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது, அதன் மேல் மஞ்சள் பெயின்ட் பொட்டு உடைந்திருக்கிறது.


பத்துபன்னிரண்டு:

நல்லது தம்பி, பாதிக்கு மேல் முடிந்தது. ஆனால் இன்னும் ஒரே ஒரு சோதனை பாக்கி. விழுகிற அந்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, 2 வோல்ட் காட்டுகிற இடத்தில் டிரம்மை அப்படியே பிடித்துக்கொள். இன்னொருவரை விட்டு வயரையும் கப்ளரையும் நன்றாக ஆட்டச் சொல், வளைக்கச் சொல். எண் அசையாமல் நின்றால் வயரிங் மேல் பழி இல்லை. வயர் கோளாறு என்றால் எந்த இடத்தில் பிடித்திருந்தாலும் ஆட்டும்போது விழும், சென்சார் தேய்மானம் என்றால் அந்த ஒரே இடத்தில் மட்டும்தான் விழும்.

சந்தேகமே இருக்கக் கூடாது என்றால் சாவியை ஆஃப் செய்து, கப்ளரைக் கழற்றி, சென்சார் பக்கம் எர்த் பின்னுக்கும் சிக்னல் பின்னுக்கும் நடுவே ஓம்ஸில் வைத்துத் திருப்பிப் பார். அதே இடத்தில் மீட்டர் ஓப்பன் (தொடர்பே இல்லை) என்று காட்டினால், வயரே கழன்று கிடக்கும்போதும் கோளாறு சென்சாருக்குள் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடலாம்.

அந்த மஞ்சள் பொட்டு விஷயம் முக்கியம், அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. அது ஐட்லிங் வைக்கிற ஸ்க்ரூ இல்லை. பட்டர்ஃப்ளை முழுக்க மூடி ஓட்டையின் சுவரில் போய் சிக்கிக்கொள்ளாமல் தடுக்க ஃபேக்டரியில் வைத்துப் பெயின்ட் போட்டுப் பூட்டிய ஸ்க்ரூ. கார்புரேட்டர் பழக்கத்தில், என்றோ ஐட்லிங் ஆஃப் ஆகிறது என்று யாரோ அதைத் திருகி ஏற்றியிருக்கிறார்கள். அதனால் பட்டர்ஃப்ளை எப்போதும் கொஞ்சம் திறந்தே நிற்கிறது, மூடிய வோல்டேஜ் 0.81-க்கு ஏறியிருக்கிறது. காலை எடுத்த பிறகும் காற்று கூடுதலாகப் போகிறது, ஐடில் வால்வு முழுக்க மூடினாலும் அதற்கு மேல் குறைக்க முடியாமல் திணறுகிறது. புதுச் சென்சார் மட்டும் போட்டால் வெட்டுவது நிற்கும், ஐட்லிங் அப்படியேதான் இருக்கும்.

செய்யும் முறை சொல்கிறேன். முதலில் ஆக்ஸிலேட்டர் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா பார், இறுக்கமாக இருந்தால் அதுவும் டிரம்மைத் தூக்கிப் பிடிக்கும். த்ராட்டில் பாடியைத் துணியில் க்ளீனர் தொட்டுத் துடை, மலைப்பாதை சொன்ன வேலை இங்கே அவசியம்தான். நேராகப் பீச்சி அடிக்காதே, தண்டு வழியாகச் சென்சாருக்குள் இறங்கும். துடைக்காமல் அழுக்கோடு ஸ்க்ரூவை இறக்கினால் ஐட்லிங் நிற்காது, பழையபடி யாராவது ஏற்றிவிடுவார்கள். அப்புறம் ஸ்க்ரூவைப் பின்னால் தளர்த்திப் பட்டர்ஃப்ளையை முழுக்க மூட விடு. டிரம்மைத் தொடுகிற வரை திரும்ப முன்னால் கொண்டுவந்து, அதற்கு மேல் துளி திருகு. கையை விட்டால் பட்டர்ஃப்ளை எங்கும் ஒட்டாமல், கடிக்காமல் மூட வேண்டும், அதுதான் அளவு. லாக் நட்டை இறுக்கு.

சென்சாரின் ஸ்க்ரூ ஓட்டைகள் வட்டமாக இருந்தால் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது, மாட்டி இறுக்கினால் போதும். நீள ஓட்டையாக இருந்தால் இரண்டு ஸ்க்ரூவையும் லேசாக விட்டு, சாவி ஆனில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே சென்சாரை அசைத்து உங்கள் வண்டி மேனுவலில் உள்ள அளவுக்குக் கொண்டுவா. பெரும்பாலும் அரை வோல்ட் பக்கம்தான் இருக்கும். ஸ்க்ரூவை இறுக்கும்போது எண் நகரும், அதனால் இறுக்கிய பிறகு திரும்பப் பார்.

பார்ட்டுக்கு, பழைய சென்சாரைக் கழற்றி அதன் மேல் உள்ள நம்பரோடு கடைக்குப் போ. தனியாக வராது என்று சொன்னால் அடுத்த கடையில் கேள். சென்னையில் என்றால் ஜி.பி. ரோட்டில் விசாரித்துப் பார்க்கலாம். பழைய வண்டியில் கழற்றியதை மட்டும் வாங்காதே. த்ராட்டில் பாடி பழசில் வாங்கலாம், இது உரசித் தேய்கிற பொருள், அதுவும் அதே வயசுதான் ஆகியிருக்கும். கடைக்காரர் அனுமதித்தால் புதுசையும் கவுன்டரிலேயே ஓம்ஸ் வைத்துத் திருப்பிப் பார்த்து வாங்கு.


புதுவண்டி சேலம்:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என்னுடையது 2021 பிஎஸ்-6 பெட்ரோல், கேபிள் கிடையாது. பி2135 வந்து, மிதித்தாலும் வேகம் ஏறாமல் ஊர்ந்து வந்து சேர்ந்தேன். இதையும் இதே மாதிரி கையால் பட்டர்ஃப்ளையைத் திருப்பிப் பார்க்கலாமா? ஆப்பில் பார்த்தால் ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோதே த்ராட்டில் 14 சதவீதம் என்று காட்டுகிறது, அதுதான் கோளாறா?


ஊசிமீட்டர்:

கையை வைக்காதீர்கள். சாவி ஆனில் இருக்கும்போது உங்கள் வண்டியில் பட்டர்ஃப்ளையைத் திருப்புவது பல்சக்கரம் வைத்த மோட்டார். எப்போது வேண்டுமானாலும் மூடும், விரல் நடுவில் இருந்தால் நசுக்கிவிடும். சாவி ஆஃபில் பலவந்தமாகத் தள்ளினாலும் உள்ளே பிளாஸ்டிக் பல் உடைய வாய்ப்பு உண்டு.

14 சதவீதம் கோளாறு இல்லை. 5 வோல்ட்டில் எத்தனை பங்கு என்பதைத்தான் அந்த எண் அப்படியே காட்டுகிறது, மூடிய நிலையிலேயே வோல்டேஜ் பூஜ்யமாக இருக்காது. மோட்டார் வைத்த த்ராட்டிலில் ஸ்பிரிங்கே கொஞ்சம் திறந்த நிலையில்தான் நிறுத்தும்.

பி2135 என்பது வேறு கதை. உங்கள் த்ராட்டிலில் ஒன்றுக்கு இரண்டாகச் சென்சார் இருக்கும். பல வண்டிகளில் ஒன்று ஏற ஏற மற்றது இறங்கும், இரண்டையும் கூட்டினால் எந்த நிலையிலும் 5 வோல்ட் பக்கம் வரும். சிலவற்றில் இரண்டும் ஏறும், ஒன்று மற்றதைவிட மெதுவாக. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இசிஎம் எதையும் நம்பாமல் வேகத்தைக் கட்டிப்போடுகிறது, நீங்கள் ஊர்ந்து வந்தது அதனால்தான். ஆப்பில் த்ராட்டில் ஏ, த்ராட்டில் பி இரண்டையும் ஒரே கிராஃபில் போட்டு, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பெடலை மெதுவாக மிதித்து எங்கே பிரிகின்றன என்று பாருங்கள். பெடலிலும் இதே போல இரண்டு சென்சார் உண்டு, அவை ஒழுங்காக ஏறுகின்றனவா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வாரன்டி இருந்தால் எதையும் கழற்றாமல் கிராஃபை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு நேராக சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். அதுவரை ஹைவேயில் எடுக்க வேண்டாம், லாரிக்கு முன்னால் வேகம் போய்விட்டால் ஆபத்து.


அமராவதிக்கரை:

வயரை ஆட்டிப் பார்த்தோம், 2.0 அசையவில்லை. ஓம்ஸிலும் அதே இடத்தில் ஓப்பன். சென்சார் நம்பரை வைத்து விசாரித்ததில் இரண்டாவது கடையிலேயே தனியாகக் கிடைத்தது, ஒர்க்‌ஷாப் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. நீள ஓட்டைதான். பாடியைத் துடைத்து, ஸ்க்ரூவை இறக்கி, 0.52-ல் வைத்து இறுக்கியிருக்கிறேன். மெதுவாகத் திருப்பினால் முழுத் தூரமும் ஒரே சீராக ஏறுகிறது. கொஞ்ச நேரம் பேட்டரியைக் கழற்றி மாட்டியபின் முதலில் ஐட்லிங் ஆடியது, ஓட்டி வந்ததும் 850-ல் நின்றுவிட்டது. 45-ல் லேசான மிதியில் பஸ் ஸ்டாண்டு வரை போய்வந்தேன், ஒரு வெட்டுகூட இல்லை. அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

மஞ்சள் பொட்டு இருந்த இடத்தில் நானே பெயின்ட் வைக்கலாமா அண்ணா?


பத்துபன்னிரண்டு:

வை தம்பி. லாக் நட்டோடு சேர்த்து வை, திருகினால் உடைந்து தெரிய வேண்டும். நெயில் பாலிஷே போதும்.